பெயரில் உள்ள குறியை எடுக்கச் சொல்லாதீர்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். இணைய விண்ணப்பத்தில் தன் பெயரைச் சான்றிதழில் உள்ளபடியே தட்டினால் 'சிறப்புக் குறிகளுக்கு அனுமதி இல்லை' என்று சிவப்பு எழுத்தில் வருகிறது, என்ன செய்வது என்று ஒரு வாசகர் உங்கள் கடிதப் பகுதியில் கேட்டிருந்தார். இரண்டு நாள் கழித்து இன்னொருவர் 'அந்தக் குறியை எடுத்துவிட்டு அனுப்ப வேண்டியதுதானே, இதெல்லாம் ஒரு பிரச்சினையா' என்று பதில் எழுதியிருந்தார். அந்தப் பதிலைப் படித்ததிலிருந்து எனக்கு மனசு ஆறவில்லை. நான் தூத்துக்குடிக்காரி, 19 வருடமாக டேட்டாபேஸ், அதாவது தகவல்களை அடுக்கி வைத்துத் தேடித் தரும் மென்பொருள், வேலை பார்க்கிறேன், என் குடும்பப் பெயரிலும் அப்படி ஒரு குறி, ஒற்றை மேற்கோள் குறி, இருக்கிறது. அதனால் இந்த விஷயத்தில் இரண்டு பக்கமும் நின்று பார்த்தவள் என்ற முறையில் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெயர் டிக்ரூஸ். தமிழில் எழுதினால் ஒரு தொல்லையும் இல்லை. ஆங்கிலத்தில் எழுதும்போதுதான் 'டி'க்கும் 'குரூஸு'க்கும் நடுவே, மேலே தொங்கும் காற்புள்ளி மாதிரி, ஒற்றை மேற்கோள் குறி வரும். போர்ச்சுகீசியர்கள் 1530களில் முத்துக்குளித்துறைக்கு வந்த பிறகு கடற்கரையோரம் ஞானஸ்நானத்தோடு சேர்ந்து வந்த பெயர்களில் இதுவும் ஒன்று. அவர்கள் மொழியில் 'சிலுவையின்' என்று பொருள். நடுவில் ஓர் உயிரெழுத்து விழுந்துவிட்டது, அது விழுந்த இடத்துக்கு அடையாளம்தான் அந்தக் குறி. தமிழில் உயிரெழுத்து கெட்டுப்போனால் நாம் குறி எதுவும் போடுவதில்லை, சேர்த்து எழுதிவிட்டுப் போய்விடுவோம், அவர்கள் குறி போட்டார்கள், அவ்வளவுதான். எங்கள் பங்குக் கோயில் பதிவேட்டில் என் தாத்தாவின் பெயர் அந்தக் குறியோடு மசியில் எழுதப்பட்டிருப்பதை நான் தொட்டுப் பார்த்திருக்கிறேன்.

போன வருடம் என் மகளுக்கு ஒரு நுழைவுத் தேர்வுக்கு விண்ணப்பித்தோம். பள்ளிச் சான்றிதழில் குறி இருக்கிறது. அடையாள அட்டையில் குறிக்குப் பதில் ஓர் இடைவெளி. வங்கிப் பாஸ்புக்கில் இரண்டும் ஒட்டிக்கொண்டு ஒரே சொல். மூன்று இடத்திலும் நாங்கள் ஒரே மாதிரிதான் எழுதிக் கொடுத்தோம், அந்தந்த இடத்து நிரல் அதனதன் இஷ்டத்துக்கு வெட்டியது. விண்ணப்பத்தில் குறியோடு தட்டினால் சிவப்பு எழுத்து, குறி இல்லாமல் தட்டினால் 'சான்றிதழோடு பெயர் பொருந்தவில்லை' என்று நிராகரிப்பு. சரிபார்ப்புக்கு நேரில் போனபோது அங்கிருந்தவர் என் மகளைப் பார்த்து 'இதில் எதும்மா உன் உண்மையான பெயர்?' என்று கேட்டார். அவர் கோபமாகக் கேட்கவில்லை, வேலையாகத்தான் கேட்டார். ஆனால் 17 வயதுப் பிள்ளை முகம் சுருங்கியதைப் பார்த்தது நான். அப்புறம் முத்திரைத்தாளில் உறுதிமொழி, நோட்டரி, இரண்டு நாள் அலைச்சல்.

ஒரு சின்னக் குறியைப் பார்த்து இந்தக் கணினிகள் ஏன் இப்படி மிரள்கின்றன என்று வாசகர்களுக்குச் சொல்ல வேண்டும். தமிழிலிருந்தே சொல்கிறேன், எளிதாக இருக்கும். நம் மொழியில் ஒருவர் சொன்னதை எடுத்துச் சொல்ல மேற்கோள் குறி தேவையே இல்லை, 'என்று' போதும். 'வருகிறேன் என்று சொன்னான்' என்றால் அவன் பேச்சு எங்கே முடிந்தது என்று நமக்குத் தெரிந்துவிடும். அவன் பேச்சுக்குள்ளேயே ஓர் 'என்று' இருந்தால்? 'வருகிறேன் என்று அம்மாவிடம் சொல் என்று சொன்னான்.' முதல் 'என்று' வந்ததும் பேச்சு முடிந்துவிட்டதாக எடுத்துக்கொள்ளும் ஓர் ஆளிடம் இதைச் சொன்னால், மீதியைத் தனக்கு இட்ட கட்டளையாக நினைத்து நேரே அம்மாவிடம் போய் நிற்பான். டேட்டாபேஸ் அப்படிப்பட்ட ஆள்தான். அதற்கு நாம் அனுப்பும் க்வெரி ஒரு கட்டளை வாக்கியம்: பெயர் = 'முருகன்' என்று இருப்பவரைத் தேடு. முதல் குறியில் பெயர் தொடங்குகிறது, அடுத்த குறியில் முடிகிறது. இந்த இரண்டு குறிக்கு நடுவில் இருப்பதைத்தான் எங்கள் தொழிலில் ஸ்ட்ரிங் லிட்டரல் என்கிறோம். அதில் என் பெயரை அப்படியே வைத்தால் பெயர் = 'டி'குரூஸ்' என்று ஆகிவிடும். 'டி' என்பதோடு பெயர் முடிந்துவிட்டதாக எடுத்துக்கொண்டு, அடுத்து வரும் குரூஸ் என்பது என்ன கட்டளை என்று புரியாமல் பிழை காட்டி நின்றுவிடும்.

இந்தக் கட்டளைகளை எழுதும் மொழிக்கு எஸ்க்யூஎல் என்று பெயர், அதன் தரநிலையிலேயே இதற்கு வழி இருக்கிறது. உள்ளே வரும் குறியை இரண்டு முறை போட வேண்டும்: 'டி''குரூஸ்'. அடுத்தடுத்து இரண்டு குறி வந்தால் அது முடிவு இல்லை, பெயரின் பகுதியான ஒரே ஒரு குறி என்று டேட்டாபேஸ் புரிந்துகொள்ளும், சேமிக்கும்போது ஒன்றாகவே சேமிக்கும். இதைத்தான் எஸ்கேப் செய்வது என்கிறோம். ஆரக்கிள், எஸ்க்யூஎல் சர்வர், போஸ்ட்கிரெஸ், எஸ்க்யூலைட் என்ற டேட்டாபேஸ் மென்பொருள்கள் எல்லாவற்றிலும் இது நடக்கும். மைஎஸ்க்யூஎல்லிலும் நடக்கும், ஆனால் அங்கே இன்னொரு வழியும் உண்டு: குறிக்கு முன்னால் ஒரு பேக்ஸ்லாஷ், அதாவது \' என்று போடுவது. வினை இங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் பேக்ஸ்லாஷுக்கு ஒரு தனி அர்த்தம் கொடுத்துவிட்டால் அப்புறம் பேக்ஸ்லாஷையே எழுத வேண்டும் என்றால் அதையும் \\ என்று இரட்டிப்பாக்க வேண்டும். நம் ஊரில் கதவு எண்ணை 12/4 என்பதற்குப் பதில் 12\4 என்று தட்டுகிறவர்கள் ஏராளம். அதை எஸ்கேப் செய்யாமல் மைஎஸ்க்யூஎல்லுக்கு அனுப்பினால் \4 என்பதற்கு அங்கே தனி அர்த்தம் எதுவும் இல்லாததால் பேக்ஸ்லாஷை மட்டும் விழுங்கிவிட்டு 124 என்று சேமிக்கும். பிழை என்று ஒரு வார்த்தை வராது. கடிதம் 124-ஆம் வீட்டுக்குப் போகும். போஸ்ட்கிரெஸ்ஸில் அதே க்வெரி 12\4 என்று சரியாகவே சேமிக்கும், அதுவும் 2011-இல் வந்த 9.1 பதிப்பிலிருந்துதான், அதற்கு முன்னால் அதிலும் பேக்ஸ்லாஷுக்குத் தனி அர்த்தம் இருந்தது. ஆக ஒரே வரி, எந்த டேட்டாபேஸ், எந்தப் பதிப்பு, என்ன அமைப்பு என்பதைப் பொறுத்து வேறு வேறு பொருள் தரும்.

'சரி, குறியை இரட்டிப்பாக்கிவிட்டேன், தப்பித்தேன்' என்று நினைக்கிற நிரலருக்கும் மைஎஸ்க்யூஎல் பொறி வைத்திருக்கிறது. யாராவது பெயர்க் கட்டத்தில் \' என்று தட்டினால், குறியை மட்டும் இரட்டிப்பாக்கும் நிரல் அதை \'' என்று ஆக்கும். மைஎஸ்க்யூஎல் முதல் இரண்டையும் சேர்த்து ஒரு குறியாக எடுத்துக்கொள்ளும், மீதமிருக்கும் குறி ஸ்ட்ரிங்கை அங்கேயே மூடிவிடும். அதற்கு அப்புறம் வருவதெல்லாம் கட்டளை. இதைப் புரிந்துகொள்ள எனக்கு வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆனது.

நான் செய்த தவறையும் சொல்லிவிட வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு பயிற்சி நிறுவனத்துக்கு மாணவர் பதிவு நிரல் எழுதினேன், இணையப் பக்கங்களுக்கான பிஎச்பி என்ற நிரல்மொழியில். அந்தக் காலத்து பிஎச்பியில் 'மேஜிக் கோட்ஸ்' என்று ஒரு வசதி இருந்தது. படிவத்தில் யார் எதைத் தட்டினாலும் குறிக்கு முன்னால் தானாகவே பேக்ஸ்லாஷ் சேர்த்துவிடும். அது தெரியாமல் நானும் என் பங்குக்கு ஒரு முறை எஸ்கேப் செய்தேன். ஒரு முறை சேமித்தால் பெயரில் ஒரு பேக்ஸ்லாஷ், திருத்தித் திரும்பச் சேமித்தால் மூன்று, இன்னொரு முறை சேமித்தால் ஏழு. அச்சடித்த சான்றிதழ்களில் பெயர் நடுவே பேக்ஸ்லாஷ் வரிசையாக நின்றது. நான் என்ன செய்தேன் தெரியுமா, காரணத்தைத் தேடாமல், பெயரில் எங்கே ஒற்றைக் குறி வந்தாலும் அதை அழித்துவிடும் ஒரு வரியைச் சேர்த்தேன். பிரச்சினை தீர்ந்துவிட்டது என்று மேலாளர் பாராட்டினார். என் குடும்பப் பெயரிலேயே இருக்கும் குறியை நானே மற்றவர்கள் பெயரிலிருந்து அழித்திருக்கிறேன். அந்தச் சான்றிதழ்களை வைத்துக்கொண்டு எத்தனை பேர் எந்தெந்த அலுவலகத்தில் நின்றார்களோ, இன்றைக்கும் நினைத்தால் வலிக்கிறது. மேஜிக் கோட்ஸை பிஎச்பிக்காரர்களே 2009-இல் கைவிடச் சொல்லி, 2012-இல் 5.4 பதிப்பிலிருந்து நீக்கியும் விட்டார்கள். என்னுடைய அந்த ஒரு வரியைப் போன்ற வரிகள் மட்டும் இன்னும் எத்தனையோ நிரல்களில் உயிரோடு இருக்கின்றன.

நிரலர்களின் பயம் பொய்யில்லை, அதையும் ஒப்புக்கொள்கிறேன். கட்டளைக்குள் நுழையத் தெரிந்தவன் கையில் அந்தக் குறி கன்னக்கோல் மாதிரி. பெயர்க் கட்டத்தில் பெயருக்குப் பதிலாக ' அல்லது '1'='1 என்ற மாதிரி ஒன்றைத் தட்டினால், 'இந்தப் பெயர் உள்ளவரைக் காட்டு' என்ற கட்டளை 'எல்லாரையும் காட்டு' என்று மாறிவிடும், ஏனென்றால் ஒன்றும் ஒன்றும் எப்போதும் சமம்தானே. எஸ்க்யூஎல் ஊடுருவல் என்று பெயர் பெற்ற இந்த வித்தை 1998 டிசம்பரிலேயே ஃபிராக் என்ற இணைய இதழில் வெளிப்படையாக எழுதப்பட்டுவிட்டது. 17 வருடம் கழித்து, 2015 அக்டோபரில், பிரிட்டனின் டாக்டாக் என்ற தொலைபேசி நிறுவனத்தில் இதே வழியாக நுழைந்து 1,56,959 வாடிக்கையாளர்களின் விவரங்களை எடுத்தார்கள். அதில் 15,656 பேரின் வங்கிக் கணக்கு எண்ணும் போனது. வேறொரு நிறுவனத்தை வாங்கியபோது கூடவே வந்த பழைய பக்கங்களைக் கவனிக்காமல் விட்டதுதான் ஓட்டை. அடுத்த வருடம் அந்நாட்டுத் தகவல் ஆணையர் அலுவலகம் 4 லட்சம் பவுண்டு அபராதம் போட்டது.

இந்தப் பயத்தில்தான் 'எல்லாக் குறியையும் தடை செய்' என்று ஒரு வடிகட்டியைப் போடுகிறார்கள். கெட்டவன் வரலாம் என்பதற்காக ஊர்க்காரர் எல்லாருக்கும் கதவை அடைப்பது இது, அதிலும் கதவு சரியாக அடைபடுவதும் இல்லை. எண் கேட்கும் கட்டத்தில் ஊடுருவுகிறவனுக்கு மேற்கோள் குறியே தேவைப்படாது, ஏனென்றால் அங்கே எண்ணைச் சுற்றிக் குறியே கிடையாது. அவனை இந்த வடிகட்டி தடுக்கப் போவதில்லை. தடுக்கப்படுவது என் மகளும், அயர்லாந்திலிருந்து வந்த 'ஓ' என்று தொடங்கும் பெயர்க்காரர்களும்தான்.

தமிழுக்கே இந்த வடிகட்டி செய்த கொடுமை ஒன்றைச் சொல்கிறேன், இது பலருக்குத் தெரியாது. எல்லா மொழி எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் யூனிகோடு முறை பரவுவதற்கு முன்னால் நாம் பாமினி போன்ற எழுத்துருக்களில்தான் தட்டினோம், இன்னும் பல அச்சகங்களில் தட்டுகிறார்கள். பாமினியில் திரையில் தமிழ் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில விசைப்பலகையின் குறிகள். மெய்யெழுத்தின் புள்ளி உள்ளே ஓர் அரைப்புள்ளி, அதாவது ; என்ற குறி. 'இ' என்ற எழுத்து உள்ளே ஒரு காற்புள்ளி. எஸ்க்யூஎல்லில் ; என்பது கட்டளை முடிவதற்கான குறி, ஆகவே அதை ஆபத்து என்று அழிக்கும் வடிகட்டிகள் நிறைய உண்டு. ஓர் அச்சகத்தின் பழைய சந்தாதாரர் பட்டியலைப் புதிய டேட்டாபேஸுக்கு மாற்றும் வேலை எனக்கு வந்தபோது, முன்னால் வேலை பார்த்தவர் போட்டிருந்த வடிகட்டி அத்தனை புள்ளிகளையும் தின்றிருந்தது. அம்மா 'அமமா' ஆகியிருந்தாள். காற்புள்ளியும் போனதால் இலங்கை 'லஙகை' ஆகியிருந்தது. ஆயிரக்கணக்கான பெயர்களையும் ஊர்களையும் பழைய அச்சுப் படிகளோடு ஒப்பிட்டுக் கையால் புள்ளி வைத்தோம். ஸ்ட்ரிங்குக்குள் பத்திரமாக உட்கார்ந்திருக்கும் அரைப்புள்ளியால் டேட்டாபேஸுக்கு ஓர் ஆபத்தும் கிடையாது என்பதுதான் இதில் பெரிய துயரம். யூனிகோடு வந்த பிறகும் எஸ்க்யூஎல் சர்வரில் தமிழ் ஸ்ட்ரிங்குக்கு முன்னால் 'என்' என்ற ஆங்கில எழுத்தைப் போட மறந்தால், வழக்கமான அமைப்பில் முருகன் போய் வெறும் கேள்விக்குறிகளாகத்தான் சேரும். அதைக் கண்டுபிடிக்காமல் 'எங்கள் மென்பொருளில் தமிழ் வராது' என்று சொல்லிவிட்டவர்களை நான் நேரில் சந்தித்திருக்கிறேன்.

அப்படியானால் என்னதான் செய்வது? கட்டளையையும் தகவலையும் ஒரே வாக்கியமாக ஒட்டாமல் தனித்தனியாக அனுப்ப வேண்டும். பெயர் வரும் இடத்தில் ஒரு கேள்விக்குறியை மட்டும் வைத்துக் கட்டளையை முதலில் கொடுத்துவிட வேண்டும்: பெயர் = ? என்று இருப்பவரைத் தேடு. டேட்டாபேஸ் அதைப் படித்து, புரிந்துகொண்டு, திட்டம் போட்டு வைத்துக்கொள்ளும். அப்புறம் பெயரைத் தனியாகக் கொடுக்க வேண்டும். இப்போது அந்தப் பெயருக்குள் எத்தனை குறி இருந்தாலும், பேக்ஸ்லாஷ் இருந்தாலும், ஒரு முழுக் கட்டளையே இருந்தாலும் அது பெயர்தான், கட்டளை ஆக முடியாது, ஏனென்றால் கட்டளையைப் படிக்கும் வேலை ஏற்கனவே முடிந்துவிட்டது. மைஎஸ்க்யூஎல்லில் ?, போஸ்ட்கிரெஸ்ஸில் $1, ஆரக்கிளில் முக்காற்புள்ளியோடு ஒரு பெயர், எஸ்க்யூஎல் சர்வரில் @ போட்டு ஒரு பெயர், இவ்வளவுதான் வித்தியாசம். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை, ஜாவா என்ற நிரல்மொழியில் 1997-இலிருந்தே இருக்கிறது. எங்கள் வீட்டுப் பிள்ளைகள் பிறப்பதற்கு முன்பே தீர்ந்த பிரச்சினைக்கு அவர்கள் முத்திரைத்தாள் வாங்குகிறார்கள்.

கையால் எஸ்கேப் செய்வதை ஏன் நம்பக் கூடாது என்பதற்கு அண்மைச் சாட்சி ஒன்று இருக்கிறது. 2025 பிப்ரவரியில் போஸ்ட்கிரெஸ் குழுவே, தாங்கள் எழுதிக் கொடுத்திருந்த எஸ்கேப் செயற்கூறுகளில் ஓர் ஓட்டை இருந்ததாக அறிவித்துத் திருத்தம் வெளியிட்டது. யூனிகோடு எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறைப்படி அமையாத பைட்டுகளைக் கொடுத்தால், சில வகைப் பயன்பாட்டில், மேற்கோள் குறி எஸ்கேப் ஆகாமல் நழுவிவிடக்கூடும். டேட்டாபேஸை எழுதுகிறவர்களுக்கே அப்படி என்றால், அவசரத்தில் ஒரு ரிப்ளேஸ் வரியைப் போட்டுவிட்டுப் போகும் நம்மைப் பற்றி என்ன சொல்வது.

கேள்விக்குறி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது என்பதும் உண்மை. அட்டவணையின் பெயரையோ எந்த வரிசையில் அடுக்குவது என்பதையோ அப்படிக் கொடுக்க முடியாது, அவற்றுக்கு அனுமதித்த பெயர்களின் பட்டியலை வைத்துக்கொள்ள வேண்டும். லைக் என்ற கட்டளைச் சொல்லைப் போட்டு, ஒரு பகுதியை மட்டும் வைத்துத் தேடும்போது % என்றால் எதுவும் எத்தனை எழுத்தும், _ என்றால் ஏதாவது ஓர் எழுத்து, ஆகவே '50%' என்று தேடுகிறவருக்கு 500-உம் 50,000-உம் வந்து நிற்கும், அங்கே எஸ்கேப் என்ற சொல்லையே போட்டு எந்தக் குறியை எஸ்கேப் குறியாக வைத்துக்கொள்கிறோம் என்று சொல்ல வேண்டும். கைபேசியில் தட்டும்போது நேரான குறிக்குப் பதில் வளைந்த குறி விழுந்துவிடுவதும் உண்டு, கண்ணுக்கு ஒன்றுபோல இருந்தாலும் கணினிக்கு அவை இரண்டு வேறு எழுத்துகள், தேடினால் கிடைக்காது. இவையெல்லாம் கொஞ்சம் அக்கறையோடு உட்கார்ந்தால் ஒரு நாளில் முடியும் வேலைகள்.

நான் அவ்வப்போது கல்லூரி மாணவர்களின் செய்முறைத் தேர்வுக்குப் போய் உட்காருவதுண்டு. ரெக்கார்டு நோட்டைத் திறந்தால் முக்கால்வாசியில் க்வெரியை ப்ளஸ் குறி போட்டுத் துண்டு துண்டாக ஒட்டித்தான் எழுதியிருப்பார்கள். கேட்டால் 'லேப்ல இப்படித்தான் மேடம் சொல்லிக் கொடுத்தாங்க' என்கிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல மனம் வரவில்லை. ஆசிரியர்களைக் கையெடுத்துக் கும்பிட்டுக் கேட்கிறேன், முதல் நாள் முதல் க்வெரியிலேயே கேள்விக்குறியோடு சொல்லிக் கொடுங்கள். முதலில் ஒட்டக் கற்றுக்கொடுத்துவிட்டு அப்புறம் மாற்றிக்கொள்ளச் சொன்னால் அது கையில் வருவதில்லை, எனக்கே வர வருடங்கள் ஆனது.

மென்பொருள் எழுதி வாங்குகிற பள்ளிகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள், சங்கங்கள் எல்லாருக்கும் ஒரு வேண்டுகோள். கடைசித் தவணைப் பணத்தைக் கொடுப்பதற்கு முன்னால் நீங்களே உட்கார்ந்து பத்து நிமிடம் தட்டிப் பாருங்கள். பெயர்க் கட்டத்தில் நடுவே ஒற்றைக் குறி உள்ள பெயர், முகவரியில் 12\4, குறிப்புக் கட்டத்தில் ; % _ எல்லாம் கலந்த ஒரு தமிழ் வாக்கியம், அதில் மேற்கோள் குறியும் இருக்கட்டும். சேமியுங்கள், மூடுங்கள், திரும்பத் திறந்து பாருங்கள், திருத்தி இன்னொரு முறை சேமியுங்கள். தட்டியது தட்டியபடியே வர வேண்டும், ஒரு புள்ளி கூடவோ குறையவோ கூடாது. வராவிட்டால் 'அந்தக் குறியைப் போடாதீங்க சார்' என்று சொல்வார்கள். ஒப்புக்கொள்ளாதீர்கள், திருத்தி வாங்குங்கள்.

ஒரு விஷயம் ஆசிரியர் குழுவுக்கு. மேலே 'டி''குரூஸ்' என்று எழுதியிருக்கும் இடத்தில் நடுவில் இருப்பவை இரண்டு ஒற்றைக் குறிகள். பக்கம் அமைக்கும்போது அவை ஓர் இரட்டை மேற்கோள் குறியாகவோ வளைந்த குறிகளாகவோ மாறிவிட்டால் அந்தப் பத்தியே தப்பாகிவிடும், அதைப் படித்துவிட்டு யாராவது ஒரு மாணவர் அப்படியே எழுதிப் பார்க்கவும் கூடும். தயவுசெய்து அச்சுக்குப் போகும் முன் அந்த இடத்தை மட்டும் ஒரு முறை பார்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
டேட்டாபேஸ் பணியாளர், உங்கள் நீண்ட நாள் வாசகி,
தூத்துக்குடி.